மணவறையும் திருமுறையும்

சைவ நன்மக்கள் இல்லங்களில் மணவினை நிகழுங்கால் ஓதுவாரை வருவித்துத் திருமுறை விண்ணப்பஞ் செய்விக்கும் வழக்கம் இந்நாளிற் பெரிதும் பரவியுள்ளது. இது மகிழத்தக்கதே. ஆயினும், இன்ன வினைக்கு இன்ன பதிகம் என்னும் வரையறை பலர்க்கும் தெளிவாக இல்லை. மணநாளுக்கு முன்னரே எண்ணித் துணியவேண்டிய இக்காரியம், பெரும்பாலும் பந்தலில் நாகசுரம் ஓய்ந்த இடைவெளியில், ஓதுவாரை நோக்கி, ‘மங்கலமாக ஏதேனும் பாடுக’ என்று சொல்வதோடு முடிந்துவிடுகின்றது. அவரும் தமக்கு நன்கு பாடமானதொன்றைப் பாடுகின்றார். பொருந்திற்றாயின் நன்று. பொருந்தாதாயின், பொருளறிந்த முதியோர் ஒருவர் முகஞ்சுளிக்கின்றார். ஏனையோர் காரணமறியாது திகைக்கின்றனர்.

இத்திகைப்பு மிகுதியும் நேர்வது ஒரு பதிகத்தைப் பற்றி. தேவாரம் முழுவதிலும் மணநாளிலேயே பாடப்பெற்றதாக வரலாறு கூறும் பதிகம், மூன்றாந் திருமுறையில் 125-ஆம் பதிகமாக நிற்கும் திருநல்லூர்ப்பெருமணப் பதிகம். பாடியவர் திருஞானசம்பந்தப் பிள்ளையார். பாடிய நாள் அவர்தம் திருமண நாள். ‘ஆளுடைய பிள்ளையார் தம் மணத்திற் பாடியருளிய பதிகத்தினும் மணத்திற்கு உரிய பதிகம் பிறிதுண்டோ?’ என்பார் ஒருசாரார். ‘மணமக்களும் மணங்காண வந்தாரும் ஒருங்கே சோதியிற் கலந்து மறைந்த நாளின் பதிகத்தை மணவறையிற் பாடுதல் ஆகாது, தீக்குறியாம்’ என்பார் மற்றொருசாரார். இவ்விருசாராரும் கூறும் காரணங்கள் இரண்டும் பொருந்தா என்பதும், உண்மைக் காரணம் வேறொன்று என்பதும் இங்கே ஆராயப்படும்.

முதற்கண் அத்திருமண வரலாற்றை நினைவு கூர்தல் வேண்டும். பிள்ளையாருக்கு மணம் பேசியவர் தந்தையார் சிவபாத இருதயரும் சுற்றத்தாரும் ஆவர். மகட்கொடை நேர்ந்தவர் திருநல்லூர்ப்பெருமணத்து நம்பாண்டார் நம்பி. அவ்வூர் கொள்ளிடக்கரைப் பகுதியில் ஆச்சாள்புரம் என இன்று வழங்குகின்றது. திருநீலநக்க நாயனார் முன்னின்று மறைவழிச் சடங்குகளை இயற்றினார். முருக நாயனாரும் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் உடனிருந்தனர். இல்வாழ்வைப் பிள்ளையார் முதலில் விரும்பவில்லை என்பதும், வேதநெறி தழைக்க வேண்டும் என்று வேண்டியவர்க்கு இசைந்தருளினார் என்பதும் சேக்கிழார் திருவாக்கால் அறியப்படும். தீவலம் வருங்கால், தாம் வலம்வரும் அங்கியும் இறைவனே என்னும் எண்ணத்தோடு பிள்ளையார் அம்மையின் கைப்பற்றி வலம் வந்ததாக அவர் கூறுகின்றார். அதன்பின்னரே திருக்கோயில் அடைந்து பதிகம் பாடினர். சோதி தோன்றியது. உலகத்தார் யாவரும் அதனுட் புகுமாறு நமச்சிவாயத் திருப்பதிகத்தால் வழிகாட்டி, எல்லாரும் புக்கபின்னர், தம் தேவியாரோடு தாமும் புக்கனர்.

இவ்வரலாற்றுள் தீக்குறி யாது? கைப்பிடித்த மனைவியை விட்டுத் தாம் மட்டும் வீடடைந்தார் என்றிருப்பின் ஐயத்திற்கு இடமுண்டு. அவரோ மனைவியையும், மணத்திற்கு வந்த சுற்றத்தையும், பந்தலில் ஏவல்செய்த எளியோரையும் உடன்கொண்டே சென்றார். மணம் வீட்டிற்குத் தடை என்பார்க்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை. பிறவி நீங்குதலைச் சாவோடு ஒப்பவைத்து அஞ்சுவது சைவர்க்கு அழகன்று. ஆகலின் தீக்குறி என்னும் காரணம் விலக்கத்தக்கது.

எனினும் அப்பதிகத்தின் சொற்களை நோக்குக. பிள்ளையார் அதன் முதற்பாட்டிலேயே, தமக்குப் பெருமணம் வேண்டுவதில்லை என்று இறைவனிடம் முறையிடுகின்றார். அங்கே மணத்திற்கு அவர் இட்ட அடைமொழி அம்மி மிதித்தலைக் குறிக்கும் என்று பொருள் கொள்வாரும் உளர். அம்மி மிதித்துத் தீவலம் வந்து நிற்கும் மணமக்கள் செவியில், அம்மி மிதிக்கும் மணம் வேண்டா என்னும் விண்ணப்பத்தை இசையோடு சேர்ப்பது எங்ஙனம் பொருந்தும்? பாடியவர்க்கு அது மெய். கேட்கும் மணமக்களுக்கு அது மெய்யன்று. இதுவே அப்பதிகத்தை மணவறையில் விடுதற்குரிய காரணம். குறி பார்த்து விடுவதற்கும் பொருள் பார்த்து விடுவதற்கும் வேற்றுமை பெரிது. முன்னது அச்சம், பின்னது அறிவு.

இனி, இவ்வாறு தெரிந்தெடுத்தற்கு முன்னோர் வைத்த அளவை உண்டோ எனின், உண்டு. எந்த மந்திரம் எந்த வினைக்கு உரியது என்று துணிதற்கு மீமாஞ்சை நூலார் ஆறு அளவைகளை வகுத்தனர். சுருதி, இலிங்கம், வாக்கியம், பிரகரணம், தானம், சமாக்கியை என்பன அவை. சுருதியாவது ‘இதனால் இதனைச் செய்க’ என்னும் நேரான விதி. இலிங்கமாவது மந்திரத்தின் சொற்களே தமக்குரிய பொருளைக் காட்டும் ஆற்றல். பிரகரணம் அது நின்ற இடத்தின் தொடர்பு. சமாக்கியை பெயரளவான ஒப்பு. ஒன்றோடொன்று மாறுபடின் பின்னிற்பது முன்னிற்பதினும் வலிகுன்றும் என்பது சைமினி சூத்திரம். இந்திரனைப் பாடும் இருக்கு ஒன்றினாற் காருகபத்தியம் என்னும் தீயை வழிபடுக என்று நேர்விதி ஒன்று உண்டு. சொல் இந்திரனைச் சுட்டினும் விதி தீயைச் சுட்டுதலின் அவ்விருக்குத் தீ வழிபாட்டிற்கே ஆயிற்று. சுருதி இலிங்கத்தை வென்ற இடம் இது.

இவ்வளவை வேள்விக்கு எழுந்ததாயினும், மணவறைக்குப் பதிகம் தெரிவார்க்கும் நல்ல வழித்துணையாம். வேதநெறி மணத்திலும் தெரிவு உண்டு என்பதை ஈண்டு அறிதல் வேண்டும். இருக்குவேதம் பத்தாம் மண்டிலத்து 85-ஆம் சூக்தம் சூரியை என்பாளின் திருமணத்தைப் பாடுவது. 47 இருக்குகள் உடையது. கிருகிய சூத்திரம் செய்தோர் அதனை முதலிலிருந்து இறுதிவரை அப்படியே ஓதுக என்று விடவில்லை. கைப்பற்றுதற்கு ஒன்று, புக்ககம் செல்லுதற்கு ஒன்று எனப் பிரித்தெடுத்து வினைதோறும் அமைத்தனர். ஆபத்தம்பர் வழியினர் தம் இல்லறக் கிரியைகளுக்கு வேண்டிய மந்திரங்களை மட்டும் தொகுத்து ஏகாக்கினி காண்டம் எனத் தனிநூலாகவே வைத்துள்ளனர். வேதம் பரந்தது, வினை குறுகியது, இடையே தெரிவு வேண்டும்.

திருமுறைக்கு அத்தகைய நேர்விதி உளதோ? நம்பியாண்டார் நம்பிகள் வகுத்த திருமுறை அடைவில், பிள்ளையார் பதிகங்கள் பண்முறையால் நிற்கின்றனவேயன்றிப் பயன்முறையால் நிற்கவில்லை. இராசராச சோழன் தஞ்சைப் பெரிய கோயிலிற் பிடாரர் 48 பேரும், உடுக்கை வாசிப்பார் ஒருவரும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவருமாக 50 பேரைத் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய நியமித்த கல்வெட்டு அவனது 29-ஆம் ஆட்சியாண்டினது. 1014-ஆம் ஆண்டளவில் ஆகும். அது கோயில் வழிபாட்டிற்கு அமைத்த நிவந்தம். இல்லத்து மணம் பற்றியதன்று.

பின்னர்த் திரட்டுகள் எழுந்தன. தேவாரம் முழுவதையும் நாடோறும் ஓத விரும்பிய சிவாலய முனிவர்க்கு அகத்தியர் தெரிந்து அருளியதாக வழங்கும் அகத்தியர் தேவாரத் திரட்டில் 25 பதிகங்கள் எட்டுத் தலைப்பில் அடங்கியுள்ளன. குருவருள், திருவைந்தெழுத்து, கோயில் முதலியன அத்தலைப்புகள். பதினான்காம் நூற்றாண்டினரான உமாபதி சிவாசாரியர் தம் திருவருட்பயனின் பத்து அதிகாரங்களுக்கு ஒப்பத் தேவாரப் பாடல்களைத் தெரிந்து தேவார அருள்முறைத் திரட்டை அமைத்தனர். பதிமுது நிலை தொடங்கி அணைந்தோர் தன்மை ஈறாக அதன் வைப்பு செல்கின்றது. இவ்விரண்டு திரட்டிலும் மணம் என்றொரு தலைப்பு இல்லை. ஆகவே, இன்ன பதிகமே தொன்றுதொட்டு மணப்பதிகம் என்று எவரேனும் அறுதியிட்டுரைப்பின், இத்திரட்டுகளை அதற்குச் சான்றாகக் காட்டுதல் இயலாது. ஞானம் வேண்டினார்க்குத் திரட்டித் தந்த பெரியோர் மணம் வேண்டினார்க்குத் திரட்டித் தரவில்லை.

இதன் காரணம் பெரியபுராணத்தை ஓதினார்க்கு ஒருவாறு புலப்படும். அந்நூலுள் மணங்கள் பல வருகின்றன. அவற்றுள் இடையூறின்றி முடிந்தவை அரியன. புத்தூரிற் சடங்கவி சிவாசாரியர் மகளை மணக்கவிருந்த நம்பியாரூரரை முதிய அந்தணர் ஒருவர் ஓலை காட்டித் தடுத்தாட்கொண்டார். அம்மணம் நின்றது. நம்பிகள் திருவெண்ணெய்நல்லூரிற் பாடிய முதற்பதிகம் மணமொழிந்த நாளின் பதிகமே. திருவாமூரிற் கலிப்பகையாருக்குப் பேசப்பட்ட திலகவதியார், அவர் போர்க்களத்தில் மாய்ந்தமை கேட்டு, தம்பியாராகிய மருணீக்கியாரின்பொருட்டு உயிர்தாங்கி இருந்தார். மானக்கஞ்சாறர் தம் மகள் மணநாளன்று மாவிரதியார் கேட்டபோது அவள் கூந்தலை அடியோடு அரிந்து நீட்டினார். கூந்தல் மீளப் பெற்ற அம்மகளை ஏயர்கோன் கலிக்காமர் மணந்து சென்றமை ஆறுதல் தருகின்றது. இவ்வாறு, மணம் ஒருபால் இழுக்க இறைவன் ஒருபால் இழுக்கும் வரலாறுகளையே நாயன்மார் சரிதம் பெரிதும் கூறுதலின், வரலாறு பற்றி மணப்பதிகம் தேடுவார் இடர்ப்படுதல் இயல்பே.

வைணவ அன்பர்க்கு இவ்விடர்ப்பாடு இல்லை. ஆண்டாள் அருளிய நாச்சியார் திருமொழியுள் வாரணமாயிரம் என வழங்கும் ஆறாம் திருமொழி, தான் கண்ட கனவிற் பந்தல் அமைதல் முதலாகக் கைப்பற்றுதல், தீவலம் வருதல், அம்மி மிதித்தல் என மணவினைகளையே நிரலே பாடுகின்றது. சொல்லும் பொருந்தி வினையும் பொருந்துதலின் அவர்கள் மணங்களில் அது நிலைபெற்றது. இலிங்கம் என்னும் அளவைக்கு அதனினும் நல்ல எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. பிறர் தோட்டத்து மலராயினும் மணம் மணமே.

சைவர் பலர் இவ்விடத்துப் பெயரைப் பற்றிக்கொண்டு திருமணஞ்சேரிக்கு ஓடுகின்றனர். இறைவன் அம்மையை மணந்தருளிய தலம் என்னும் புராணச் சிறப்பும், வழிபட்டார்க்கு மணம் கைகூடும் என்னும் நம்பிக்கையும் அத்தலத்திற்கு உண்டு. இரண்டாந் திருமுறை 16-ஆம் பதிகமும் அப்பரடிகளின் ஐந்தாந் திருமுறை 87-ஆம் பதிகமும் அதற்கு உரியன. தலத்தை வழிபடுதலும் பதிகத்தை ஓதுதலும் சிறந்தனவே. ஆயினும் ‘ஊர்ப்பெயரில் மணம் உண்டு, ஆகலின் இதுவே மணப்பதிகம்’ என்பது ஆறு அளவையுள் இறுதியில் நிற்கும் சமாக்கியையைப் பற்றிய துணிபாம். பெருமணம் என்னும் ஊர்ப்பெயரும் அவ்வாறே பலரை மயக்கிற்று.

பிரகரணம் பற்றி மயங்குவது திருமருகற் பதிகத்தில். அவ்வரலாறு உருக்கமானது. தாமன் என்னும் வணிகன் தன் பெண்மக்கள் எழுவருள் ஒருத்தியைத் தன் மருகனுக்குத் தருவதாகச் சொல்லிச் சொல்லி, மூத்தாள் முதலாக ஒவ்வொருவரையும் பொருள்மிக்க அயலார்க்கே கொடுத்துவந்தான். அது கண்டு இரங்கிய ஏழாம் மகள் அம்மருகனோடு உடன்போந்தாள். திருமருகலில் இரவு தங்கியபோது அரவு தீண்டி அவன் மாய்ந்தான். மணமாகாமையின் உடலைத் தீண்டவும் மாட்டாது அவள் அரற்றிய குரல் பிள்ளையார் செவிக்கு எட்டியது. அவர் இறைவனை நோக்கி, இப்பெண்ணை இவ்வாறு மெலிவித்தல் தகுமோ என்று வினவிப் பாடினார். விடம் தீர்ந்தது. அவ்விருவர்க்கும் மணமும் முடித்துவைத்தே பிள்ளையார் அப்பால் எழுந்தருளினர்.

பெரியபுராணத்துள் மணம் முடித்துவைத்த பதிகம் இது ஒன்றே எனலாம். மணத்தடை நீங்க வேண்டுவோர் இதனை நாடோறும் ஓதுவது முற்றும் பொருந்தும். மணவறையிலோ எனின், ஆராயவேண்டும். இரண்டாந் திருமுறை 18-ஆம் பதிகமாகிய இதன் பாட்டுகள்தோறும் பேசப்படுவது ஒரு பெண்ணின் மெலிவும் அரற்றும் ஆகும். தடை நீங்கி மகிழ்ந்து நிற்கும் பெண்ணின் முன்னே, தடையுற்று அழுதாள் ஒருத்தியின் அவலத்தை மீளப் பாடுதல் வேண்டா. மருந்து நோயுள்ளபோது உண்ணப்படும். விருந்தில் அதனைப் பரிமாறுவார் இல்லை.

இனிச் சொல் பற்றித் தேடுவார்க்குக் கிடைப்பன யாவை எனின், முதலிற் கூறத்தக்கது மூன்றாந் திருமுறை 24-ஆம் பதிகமாகிய திருக்கழுமலப் பதிகம். இதற்கு மணத்தோடு வரலாற்றுத் தொடர்பு யாதும் இல்லை. இரண்டாம் பாட்டில், பொற்கிண்ணத்து உணவும் தந்தையார் சினந்ததும் பேசப்படுதலின், பிள்ளைமையில் ஞானப்பால் உண்ட நிகழ்ச்சியை நினைந்து பாடியது என்று மட்டும் துணியலாம். எனினும், சைவ மணங்களில் இன்று மிகுதியும் ஒலிப்பது இதுவே. அதனை வழக்கமாக்கிய அன்பர்கள் மீமாஞ்சை கற்றுத் தெரிந்தனரோ, செவிச்சுவையாற் கண்டனரோ, தெரிவு மிகச் சரியானது. இம்மண்ணுலகிலேயே நல்ல வகையில் வாழ்தல் கூடும் என்று அப்பதிகம் எடுத்த எடுப்பிலேயே உறுதி கூறுகின்றது. நெஞ்சை விளித்து, தளர்ச்சி விடுக என்று இடையிடையே தேற்றுகின்றது. கழுமல நகரில் இறைவன் அம்மையோடு ஒருங்கு வீற்றிருக்கும் கோலத்தைப் பாட்டின் இறுதிதோறும் கண்முன் நிறுத்துகின்றது. மணவறையில் அருகருகே அமர்ந்த இருவர்க்கு, அருகருகே அமர்ந்த அம்மையப்பரைக் காட்டுதலினும் வேறு வாழ்த்து வேண்டுமோ?

பிரகரணம் உடைய பெருமணப் பதிகம் விலக, பிரகரணம் இல்லாத கழுமலப் பதிகம் மணவறையிற் புக்கது இலிங்கத்தின் வலிமையால் என்க.

கோளறு பதிகம் இதற்கு அடுத்து வைக்கத்தக்கது. திருமறைக்காட்டிற் பாண்டிமாதேவியார் அழைப்பை ஏற்று மதுரைக்குப் புறப்பட்ட பிள்ளையாரை, நாளும் கோளும் நன்றாக இல்லை என்று அப்பரடிகள் தடுத்தபோது எழுந்தது அது. வழிச்செலவின் பதிகமாயினும், அம்மையை ஒரு கூறுடைய பெருமான் உள்ளத்தே புகுந்தமையால் எக்கோளும் அடியார்க்கு நல்லனவே என்னும் அதன் பொருள், முகூர்த்தம் பற்றிய கலக்கம் நீங்காதார் நிறைந்த பந்தலுக்கு ஏற்ற மருந்தாம். பொருத்தமும் நாளும் பார்த்துப் பார்த்துக் களைத்த பின்னும் ஐயம் ஒழியாதார் அங்கே எத்தனைபேர்! கழுமலப் பதிகத்தின் பண் கொல்லி. கோளறு பதிகத்தின் பண் பியந்தைக்காந்தாரம். ஓதுவார் இரண்டையும் நவரோசு இராகத்திற் பாடும் மரபு உண்மையின், ஒன்றன்பின் ஒன்றாகப் பாடுதற்கும் இசைவாம்.

ஆயினும், மணவினையின் உள்ளே சென்று நிற்கும் சொற்களை வேண்டுவோர் தேவாரத்தை விட்டு எட்டாந் திருமுறைக்குச் செல்லல் வேண்டும். மணிவாசகப் பெருமான் மகளிர் வினைகளைப் பாட்டாக்கியவர். திருப்பொற்சுண்ணம் 20 பாட்டு உடையது. தொங்கல் நாற்றி, முளைக்குடம் வைத்து, விளக்கேற்றி, மகளிர் கூடி இறைவன் திருமஞ்சனத்திற்குச் சுண்ணம் இடிக்கும் காட்சியோடு அது தொடங்குகின்றது. மணவீட்டில் முளைப்பாலிகை இடும்போதும், மஞ்சள் இடிக்கும்போதும் மகளிர் பாடுதற்கு அதனினும் ஏற்றது யாது? உத்தரகோசமங்கைக்குரிய திருப்பொன்னூசலில் 9 பாட்டுகள் உள. ஊஞ்சலில் மணமக்களை வைத்து ஆட்டும் வழக்கமுள்ள குடும்பங்கள், பொருளற்ற புதுமெட்டுகளை விட்டு அதனை எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றினும் வியக்கத்தக்கது திருவெம்பாவை. அதன் ஒன்பதாம் பாட்டில் கன்னியர், இறைவன் அடியார்க்கே தாம் மனைவியர் ஆவதாக உறுதி கூறி, அவர் பணித்த தொண்டினைச் செய்வதாக நேர்கின்றனர். பத்தொன்பதாம் பாட்டிலோ, மகளைக் கைப்பிடித்துக் கொடுக்கும் பெற்றோர், இவள் நினக்கே அடைக்கலம் என்று மணமகனிடம் சொல்லும் மொழி எடுத்தாளப்படுகின்றது. அதனை அடிகள் பழஞ்சொல் என்றே குறிக்கின்றார். அடிகள் காலத்திலேயே அது பழமையுற்ற சொல்லாயின், தமிழர் மணத்தில் மகட்கொடை நேருங்கால் வழங்கிய மொழி ஒன்று திருமுறையுள் அவ்வாறே பொதிந்து கிடக்கின்றது என்பது பெறப்படும். தாரைவார்க்கும் நேரத்தில், தந்தையின் கைமேல் மகளின் கை இருக்க, அப்பாட்டு ஒலிக்குமாயின், அங்கே சொல்லும் செயலும் ஒன்றாய் நிற்கும். இலிங்கம் இதனினும் தெளிவாகக் காட்டும் இடம் திருமுறைகளுள் வேறொன்று காண்டல் அரிது. எனினும் மணப்பந்தல்களில் அதனைக் கேட்டார் சிலரே. திருவெம்பாவை மார்கழிக்கு உரியது என்று மக்கள் மனங்கொண்டுவிட்டனர். மார்கழியிலோ மணம் நிகழ்வதில்லை. மாதம் பற்றிய வழக்கம் பாட்டின் பொருளை மறைத்துவிட்டது.

மகளிர் வாயினின்று வரும் வாழ்த்து மணத்திற்கு எத்துணைப் பழமையானது என்பது அகநானூற்று 86-ஆம் பாட்டால் அறியப்படும். நல்லாவூர் கிழார் பாடிய அதனுள், மகப்பெற்ற மங்கல மகளிர் நால்வர் கூடி, மலரும் நெல்லும் கலந்த நீரை மணமகள்மேற் சொரிந்து, கற்பினின்று வழுவாது கணவன் விரும்பும் துணையாகுக என்று வாழ்த்துகின்றனர். தீவளர்த்தல் அப்பாட்டிற் கூறப்படவில்லை. ஓதுவிப்பாரும் அங்கு இல்லை. வாழ்த்துச் சொல்லே மணத்தின் உயிராக நிற்கின்றது. சிலப்பதிகாரத்து மங்கல வாழ்த்துப் பாடலுள், முதிய பார்ப்பான் மறைவழி காட்டக் கோவலனும் கண்ணகியும் தீவலம் வருகின்றனர். அங்கும் மலர்தூவி வாழ்த்துவோர் மகளிரே. காதலர்ப் பிரியாது, தழுவிய கை நெகிழாது வாழ்க என்பது அவர் வாழ்த்து. பின்னர் நேர்ந்த பிரிவை யாவரும் அறிவர். அதுபற்றி அவ்வாழ்த்தை இழிந்ததென்பார் எவரும் இலர். மணநாளிற் சொல்லத்தகும் சொல்லை அம்மகளிர் சொன்னார்கள், அவ்வளவே.

ஆகலின் இன்றும், மணவீட்டுத் தாய்மாரும் தமக்கைமாரும் திருமுறை பாடவல்லராயின் முதற்கண் அவர்களையே பாடச்செய்தல் வேண்டும். கூலிக்கு இசைப்போரைத் தேடுவது அதற்குப் பின்னர்.

இருபதாம் நூற்றாண்டில் இத்தெரிவு மேலும் பொறுப்புடையதாயிற்று. 1928 முதல் சுயமரியாதைத் திருமணங்கள் நிகழலாயின. அவை சடங்கு முழுவதையுமே விலக்கின. மற்றொருபுறம், வடமொழி மந்திரங்களுக்கு ஈடாகத் தமிழ்மறையையே ஓதி மணம் செய்விப்போர் சைவருள்ளும் தோன்றினர். சடங்கற்ற மணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 7-அ என்னும் பிரிவைச் சேர்த்து 1967-இல் தமிழகச் சட்டமன்றம் அதனை மாற்றியதும் பலரும் அறிந்தன. சுற்றத்தார் முன்னிலையில் இருவரும் தமக்கு விளங்கும் மொழியில் ஏற்றுக்கொள்ளுதலோ, மாலை அல்லது கணையாழி மாற்றுதலோ, தாலி கட்டுதலோ போதும் என்பது அப்பிரிவின் கருத்து. சட்டத்தின் நோக்கில் எப்பதிகம் பாடினும் பாடாதொழியினும் மணம் மணமே. தெரிவு முழுதும் குடும்பத்தார் கையில் விடப்பட்டது.

மறைமொழிக்குத் துணையாகத் திருமுறை ஓதப்படுமிடத்து, பொருந்தாத பதிகம் வரினும் இழப்புச் சிறிதே. வினைக்குரிய மந்திரம் வேறாக நிற்கும். மந்திரத்தின் இடத்திலேயே திருமுறை அமருமிடத்து அவ்வாறன்று. வினையைச் சொல்லவேண்டிய சொல் அதுவே. வடமொழி மந்திரத்தைப் பொருள்விளங்காமை கூறி நீக்கியவர், பொருள் நோக்காது பதிகம் தெரிவாராயின், நீக்கியதன் பயன் யாது? இரு நெறியினரும் தம்முள் வழக்கிடுவதை ஒருபுறம் வைத்து, ஓதப்படும் பாட்டின் உரையை மணமக்கள் முன்னாளே ஒருமுறை கேட்குமாறு செய்தல் நலம். திருவெம்பாவையின் பத்தொன்பதாம் பாட்டை உரையோடு கேட்ட பெண், தாரைவார்க்கும்போது அதனைக் கேட்பது வேறு. கேளாதவள் கேட்பது வேறு.

பதிகம் முழுதும் ஓதுவதோ, சில பாட்டு மட்டும் போதுமோ என்னும் ஐயமும் உண்டு. பிள்ளையார் பதிகங்களிற் பத்தாம் பாட்டுச் சமண சாக்கியரை மறுப்பதாக அமைந்துள்ளது. கழுமலப் பதிகமும் அவ்வாறே. அது அவர் காலத்துச் சமயப்போரின் சுவடு. கோயிலிலும் பாராயணத்திலும் பதிகத்தை முழுதும் ஓதுதலே முறை. மணவறையில் நேரம் குறுகியதாகலின், முதற்பாட்டும், நெஞ்சைத் தேற்றும் பாட்டுகளும், பயன்கூறும் திருக்கடைக்காப்பும் ஓதி நிறைவுசெய்தல் தகும். திருக்கடைக்காப்பை விடுதல் ஆகாது; ஓதினார் பெறும் பேற்றைப் பிள்ளையார் தாமே தம் பெயர் வைத்து உறுதிசெய்யும் இடம் அது.

ஓதும் நேரமும் கருதத்தக்கது. தாலி பூட்டுங்கால் கெட்டிமேளம் முழங்கும். அப்போது பதிகம் பாடுவிப்பது ஓதுவாரையும் வருத்தித் திருமுறையையும் ஒலியில் மூழ்கடிப்பதாம். திருவெம்பாவைப் பாட்டு அதற்கு முன்னர், தாரைவார்க்கும்போது. மேளம் அடங்கி மணமக்கள் மாலைமாற்றி அமர்ந்தபின் கழுமலப் பதிகம். அட்சதை இடுவோர் நிரையும் பேச்சொலியும் தொடங்குமுன் ஐந்து நிமிடம் அமைதி வேண்டும் என்று வீட்டுத் தலைவர் எழுந்து நின்று கேட்டுக்கொள்ளின், பெரும்பாலும் மக்கள் இசைகின்றனர்.

திருநல்லூர்ப்பெருமணப் பதிகத்திற்கு உரிய இடம் யாது எனின், அது ஆச்சாள்புரமே. அங்கு ஆண்டுதோறும் வைகாசி மூலத்திற் பிள்ளையார் திருமண விழா எடுக்கப்படுகின்றது. பகலிலும் இரவிலும் மணக்கோலம். விடியுமுன் சோதியிற் கலத்தல். அவ்விழாவில் மணமகன் பிள்ளையாரே ஆதலின், மணம் வேண்டா என்னும் சொல் அங்கே அச்சொல்லுக்குரியார் வாயிலேயே நிற்கின்றது.